மனச்சான்றின் விலையைச் செலுத்துபவர் யார்? ‘ஹாபி லாபி’ தீர்ப்பினை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

முதலாளி, தொழிலாளி உறவினைப் பற்றிய நம் ஆய்வுகள் ஊதியம், வேலை நேரம், உறைவிடம், தொழிற்சங்கம் ஆகியவற்றையே பெரிதும் சுற்றி வந்துள்ளன. சமயம் அவ்வுறவினுள் நுழையுமிடத்தும் அதனைத் தொழிலாளியின் சமயமாகவே கண்டு வந்துள்ளோம். தோட்டத்துக் கோயில், திருவிழா விடுமுறை, வழிபாட்டு நேரம் என்பன நமக்குப் பழகிய பேசுபொருள்கள். ஆயின், முதலாளிக்கும் ஒரு சமயம் உண்டு. சட்டம் தம் தொழிலாளருக்கு வழங்கிய ஒன்றனை அவருடைய நம்பிக்கை தடுத்து நிறுத்தலாமா என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

அவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் அமெரிக்கா. 2014-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ‘பர்வெல் எதிர் ஹாபி லாபி’ என்னும் வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் முதலாளிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பினை நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதினார். மாறுபட்ட தீர்ப்பினை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். இவ்விரண்டனையும் இரு பனுவல்களாகக் கொண்டு படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் சட்டவியலார் அல்லோம். எனினும், தீர்ப்பும் ஓர் உரைநடைப் பனுவலே. அதில் கதை உண்டு, கதைமாந்தர் உண்டு, எவரை முன்னிறுத்துவது, எவரைப் பின்னிறுத்துவது என்னும் தெரிவும் உண்டு. இலக்கியத் திறனாய்வில் பழகிய கண்ணுக்கு அத்தெரிவுகள் புலப்படாமல் போவதில்லை.

வழக்கின் பின்னணி

அமெரிக்காவில் மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் வேலையோடு பிணைக்கப்பட்டுள்ளது. இது திட்டமிட்டு அமைந்த ஏற்பாடு அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-இல், ஊதிய உயர்வுக்கு அரசு வரம்பு விதித்தது. காப்புறுதி அவ்வரம்பினுள் அடங்கவில்லை. எனவே, ஆள் பற்றாக்குறையால் திணறிய நிறுவனங்கள் ஊதிய உயர்வுக்கு மாற்றாகக் காப்புறுதியை வழங்கத் தொடங்கின. போர் முடிந்தது, பழக்கம் நிலைத்தது. 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. இன்று அரசு மருத்துவமனைக்குச் சென்று பழகிய நமக்கு இவ்வேற்பாடு விந்தையாகத் தோன்றலாம். ஆனால், லயத்து வீடும் தோட்டத்து மருந்தகமும் துரையின் கையிலிருந்த காலத்தை நம் முன்னோர் வாயிலாகக் கேட்டறிந்தோர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். வேலை தருபவரே மருந்தும் தருபவராக இருக்குமிடத்தில் அவருடைய விருப்பு வெறுப்புகள் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கும்.

2010-ஆம் ஆண்டின் மருத்துவப் பராமரிப்புச் சட்டமும் அதன் வழிவந்த விதிகளும், அரசு ஒப்புதல் பெற்ற 20 வகைக் கருத்தடை முறைகளையும் தனிக் கட்டணமின்றிக் காப்புறுதியில் சேர்க்க வேண்டும் என்றன. ஓக்லஹோமாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹாபி லாபி கைவினைப் பொருள் விற்பனை நிறுவனம் அவற்றுள் நான்கினை எதிர்த்தது. இரண்டு, உடலுறவுக்குப்பின் உட்கொள்ளும் அவசர மாத்திரைகள். மற்றிரண்டு, கருப்பையில் பொருத்தப்படும் சாதனங்கள். கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதனை இவை தடுக்கக்கூடும்; அவ்வாறு தடுப்பது உயிரை அழிப்பதாகும் என்பது நிறுவனத்தின் உரிமையாளரான கிரீன் குடும்பத்தாரின் கிறித்துவ நம்பிக்கை. பென்சில்வேனியாவில் மரச்சாமான் தயாரிக்கும் கோனெஸ்டோகா நிறுவனத்தின் உரிமையாளர்களான ஹான் குடும்பத்தார், மெனோனைட் திருச்சபையினர், இதே நிலைப்பாட்டுடன் மற்றொரு வழக்கினைக் கொண்டுவந்தனர். விதியை மீறினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் வீதம் தண்டம். ஹாபி லாபிக்கு அஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 475 மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்கிடப்பட்டது.

பெயருடையோரும் எண்ணாக நின்றோரும்

அலிட்டோவின் பனுவல் திறம்பட எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. வாதங்களுக்குள் புகுமுன் அவர் குடும்பக் கதை சொல்கிறார். அரை நூற்றாண்டுக்கு முன் தம் கார் கொட்டகையில் மரவேலையைத் தொடங்கிய ஒருவரையும், அத்தொழில் பின்னர் 950 பேர் பணியாற்றும் நிறுவனமாக வளர்ந்ததையும் காட்டுகிறார். ஒரேயொரு கடையாகத் தொடங்கி 500 கடைகளாகப் பெருகிய கிரீன் குடும்பத்தின் கதையும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கடைகள் மூடப்படுவதும், அதனால் ஏற்படும் இழப்பினை அவர்கள் அறிந்தே ஏற்பதும் சொல்லப்படுகின்றன. படிப்போர் மனத்தில் ஓர் இல்லறச் சித்திரம் உருவாகிறது: உழைப்பாளிகள், இறையச்சம் உடையோர், பணத்தை இறைவனுக்குப் பின் வைப்போர். அச்சித்திரம் பொய்யன்று. அவர்தம் நம்பிக்கையின் நேர்மையை ஐயுறுவது நம் நோக்கமும் அன்று. அரசும் அதனை ஐயுறவில்லை.

தொழிலாளர் இப்பனுவலில் எவ்வாறு வருகின்றனர்? 13,000-க்கும் மேற்பட்டோர் என்னும் எண்ணாக வருகின்றனர். அவர்களுக்கு ஊர் இல்லை, அகவை இல்லை, சமயமும் இல்லை. இது நீதிபதியின் மனக்குறை மட்டுமன்று. வழக்கின் அமைப்பே அத்தகையது. ஒரு பக்கம் உரிமையாளர், மறுபக்கம் அரசு. எவருடைய காப்புறுதியைப் பற்றிய வழக்கோ அவர்கள் தரப்பினராக நிற்கவில்லை. கின்ஸ்பர்க் தம் பனுவலில் இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்ப முயல்கிறார். கருப்பையில் பொருத்தும் சாதனத்தின் செலவு, குறைந்தபட்ச ஊதியம் பெறும் முழுநேரத் தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு மாத ஊதியத்திற்கு இணையாகும் என்று அவர் காட்டுமிடம் முழு வழக்கிலும் மண்ணில் கால் பதித்து நிற்கும் இடமெனலாம். ஆயினும், அங்கும் பேசுவது நீதிபதியே, தொழிலாளி அல்லர்.

நிறுவனம் ஓர் ‘ஆள்’ ஆகுமா?

இத்தீர்ப்பினைக் கண்டித்து எழுந்த எழுத்துகளுள் மிகப்பல, ஆதாயம் கருதி நடத்தப்படும் நிறுவனத்திற்குச் சமயம் உண்டா என்னும் வினாவிலேயே நின்றுவிட்டன. நிறுவனம் தொழுமா, நோன்பிருக்குமா என்னும் எள்ளல் எளிது. நம் கருத்தில் தீர்ப்பின் வலுவற்ற இடம் அதுவன்று. அமெரிக்கச் சட்ட அகராதியில் ‘ஆள்’ என்னும் சொல் நிறுவனங்களையும் உள்ளடக்கும். யூதக் கடைக்காரர் தம் கடையை நிறுவனமாகப் பதிந்துகொண்டதால் தம் சமய உரிமையை இழந்துவிடுவாரோ என்று அலிட்டோ வினவுவதும் தள்ளிவிடத்தக்க வினா அன்று. மாறுபட்ட தீர்ப்பில் கையொப்பமிட்ட நால்வருள் பிரேயர், கேகன் ஆகிய இருவர் இப்பகுதியில் மட்டும் கின்ஸ்பர்க்கோடு சேராமல் ஒதுங்கி நின்றமை இங்கு நினைவுகூரத்தக்கது.

வலுவற்ற இடம் வேறு. முதலாளி தரும் ஊதியத்தைக் கொண்டு ஒரு பெண் கடைக்குச் சென்று அதே மாத்திரையை வாங்கலாம். அப்பணமும் அவர் தந்ததே. அதனால் தம் மனச்சான்று ஊறுபட்டதென அவர் வழக்காட இயலாது. உழைப்புக்கு ஈடாகக் கைமாறிய பொழுதே அப்பணம் அப்பெண்ணுடையதாகிவிட்டது. காப்புறுதியும் உழைப்புக்கு ஈடாகப் பெறுவதே. மேலே கண்டவாறு ஊதிய உயர்வின் மாற்றாகவே அது பிறந்தது. அவ்வாறிருக்க, ஊதியம் தொழிலாளியின் உடைமையாகவும் காப்புறுதி முதலாளியின் கொடையாகவும் பார்க்கப்படுவதேன்? இடையில் மருத்துவர் உள்ளார். அப்பெண்ணின் சொந்த முடிவு உள்ளது. அம்முடிவினைத் தாண்டி முதலாளியின்மேல் பழி சென்று சேர்வதெங்ஙனம் என்று கின்ஸ்பர்க் வினவுகிறார். பெரும்பான்மையினரின் விடை சுருக்கமானது: நம்பிக்கையாளர் எங்குக் கோடு கிழிக்கிறாரோ அக்கோடு பொருத்தமானதா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் வேலையன்று. இவ்விடை அடக்கமுடையதாகத் தோன்றினும், அதன் பயன் அடக்கமுடையதன்று. கோட்டினைக் கிழிக்கும் உரிமை ஒருவருக்கே உரியதாகிவிடுகிறது.

மேலும், இந்நம்பிக்கையில் இரு கூறுகள் உள்ளன. உயிர் எப்பொழுது தொடங்குகிறது என்பது சமயம் சார்ந்தது. அதில் நீதிமன்றம் தலையிடலாகாது என்பதனை நாம் ஏற்கிறோம். குறிப்பிட்ட மாத்திரை உடலினுள் எவ்வாறு செயற்படுகிறது என்பதோ மருந்தியல் சார்ந்தது. 2014-இல் மாத்திரைகளின் குறிப்பேடுகளே அவ்வாறு நேரக்கூடும் எனக் குறித்திருந்தமையால் நீதிமன்றத்தைக் குறை கூறுவதற்கில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவசர மாத்திரைகளுள் ஒன்றான ‘பிளான் பி’யின் குறிப்பேட்டினைத் திருத்தியது. கருவுற்ற முட்டை பதிவதனை அம்மாத்திரை தடுப்பதில்லை என்பது இன்று அக்குறிப்பேட்டின் கூற்று.

சட்டம் பிறந்த இடம்

ஹாபி லாபி வென்றது அரசியலமைப்பின் துணையாலன்று. 1993-ஆம் ஆண்டின் சமய உரிமை மீட்புச் சட்டத்தின் துணையால். ஒருவரது சமய ஒழுக்கத்தின்மேல் அரசு பெருஞ்சுமை ஏற்றுமாயின், அதற்குத் தவிர்க்கவியலாத காரணமும், அதனினும் குறைந்த ஊறு தரும் வழி வேறில்லை என்னும் நிலையும் வேண்டும் என்பது அச்சட்டம். இச்சட்டத்தின் மரபுவழியைத் தேடிச் செல்வோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அவ்வழி நெடுகிலும் நிற்போர் தொழிலாளர்.

முதலில் வருபவர் தென் கரோலினாவில் பஞ்சாலையொன்றில் பணியாற்றிய பெண். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வெண்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆலை ஆறு நாள் வேலை வாரத்திற்கு மாறியபோது சனிக்கிழமை வர மறுத்தார், வேலை போயிற்று, வேலையற்றோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1963-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அடுத்து வருபவர் இந்தியானாவில் எஃகு ஆலையில் பணியாற்றிய யெகோவாவின் சாட்சி ஒருவர். பீரங்கி வண்டிக்கான உறுப்புகள் செய்யும் பிரிவிற்கு மாற்றப்பட்டபோது, போர்க்கருவி செய்யலாகாது என்று வேலையை விட்டார். 1981-இல் அவரும் வென்றார். மூன்றாவது, 1990-ஆம் ஆண்டின் ‘ஸ்மித்’ வழக்கு. ஓரிகனில் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையமொன்றில் பணியாற்றிய இருவர், அமெரிக்கப் பழங்குடித் திருச்சபையின் சடங்கில் பெயோட்டே என்னும் கள்ளிச்செடியை உட்கொண்டமைக்காக வேலை நீக்கப்பட்டனர். உதவித்தொகையும் கிட்டவில்லை. அவர்கள் தோற்றனர். அத்தோல்வி நாடெங்கும் எழுப்பிய எதிர்ப்பே 1993-ஆம் ஆண்டின் சட்டமாக வடிவெடுத்தது. 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்பினைப் பெயர் சுட்டியே அச்சட்டம் தன் நோக்கத்தைக் கூறுகிறது.

வேலை இழந்த பஞ்சாலைப் பெண்ணின் பெயரால் மீட்கப்பட்ட உரிமை, இருபத்தோராண்டு கழித்து 13,000 பேரை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பத்தின் கையில் வந்து சேர்ந்தது. இதனை நாம் சூழ்ச்சி என்று கூறவில்லை; சட்டம் எல்லார்க்கும் பொது. ஆனால், அதே காலத்தில் தொழிலாளியின் சமயம் என்ன நிலையிலிருந்தது என்பதனை உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். சனிக்கிழமை ஓய்வு கேட்ட விமான நிறுவனத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், 1977-இல், உச்ச நீதிமன்றம் வேறோர் அளவுகோலைக் கையாண்டது. முதலாளிக்கு அற்பத்தினும் சற்றே கூடுதலான செலவு நேருமெனினும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்றே அத்தீர்ப்பு பொருள் கொள்ளப்பட்டது. 2023 ஜூனில்தான், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்த அஞ்சல் பணியாளர் ஒருவரின் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அப்பொருளைத் திருத்தினர். ஆகவே 2014-இல் முதலாளியின் நம்பிக்கைக்கு மிகக் கடுமையான காவலும், தொழிலாளியின் நம்பிக்கைக்கு மிக மெல்லிய காவலும் ஒரே நாட்டில் ஒருசேர நிலவின. முன்னது அரசுக்கு எதிரான உரிமை, பின்னது தனியார்க்கு எதிரான உரிமை என்று சட்டவியலார் வேறுபடுத்துவர். அவ்வேறுபாடு உண்மையே, கடைத் தளத்தில் நின்று பணிபுரியும் பெண்ணுக்கு அதனால் ஆறுதல் உண்டாகாது என்பதும் உண்மையே.

லீ வழக்கு காட்டும் வழி

முதலாளியின் சமயம் பற்றிய பழைய வழக்கு ஒன்று உண்டு. பென்சில்வேனியாவில் ஆமிஷ் சமயத்தைச் சேர்ந்த உழவரும் தச்சருமான ஒருவர், தம்மிடம் வேலை செய்த சிலருக்காகச் சமூகப் பாதுகாப்பு வரி செலுத்த மறுத்தார். முதியோரையும் இயலாதோரையும் பேணுவது தம் சமூகத்தின் கடமை; அரசிடம் விடுவது பாவம் என்பது அவர்தம் நெறி. 1982-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் கோரிக்கையை மறுத்தது. தாமே விரும்பி வணிகத்தில் இறங்கியவர் தமக்கென விதித்துக்கொண்ட வரம்புகளைப் பிறர்மேல் ஏற்றலாகாது. முதலாளிக்கு விலக்களித்தால் அவருடைய சமயம் தொழிலாளர்மேல் திணிக்கப்பட்டதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கு ஒரு நுட்பம் உள்ளது. அவரிடம் வேலை செய்தோரும் ஆமிஷ் சமயத்தினரே. அவ்வாறிருந்தும் நீதிமன்றம் அவர்களைத் தனியாளாகக் கருதிக் கவலையுற்றது. 1988-இல் நாடாளுமன்றம் இதற்குத் தீர்வு கண்டது: முதலாளியும் தொழிலாளியும் அத்தகைய சமயப் பிரிவினராக இருந்து, இருவரும் விரும்பினால் மட்டுமே விலக்கு. இருவரின் இசைவு என்னும் இம்முறை எளியது, அறத்தொடு பட்டது. எல்லாச் சமயத்தாரும் சமயமே இல்லாதாரும் பணியாற்றும் ஹாபி லாபியின் வழக்கில் இம்முன்மாதிரி போதிய கவனம் பெறவில்லை. லீ வழக்கு வரி பற்றியது என்றும், வணிகம் பற்றிய அதன் கூற்று வழிகாட்டியாகாது என்றும் கூறிப் பெரும்பான்மையினர் கடந்து சென்றனர். நம் பார்வையில் தீர்ப்பின் மிகப்பெரும் குறை இவ்விடத்திலேயே உள்ளது.

‘இழப்பு ஏதுமில்லை’ என்னும் உறுதிமொழி

தொழிலாளரை அலிட்டோ முற்றும் மறந்தார் என்று கூறின் அது நேர்மையாகாது. அவர்களுக்கு ஒரு விடை வைத்திருந்தார். சமயச் சார்புடைய தொண்டு நிறுவனங்களுக்கு அரசு முன்னரே ஒரு மாற்று வழி அமைத்திருந்தது. நிறுவனம் ஒரு படிவத்தில் தன் மறுப்பினைத் தெரிவித்தால் போதும். காப்புறுதி நிறுவனமே கருத்தடைச் செலவினைத் தனியே ஏற்கும். அதே வழியை வணிக நிறுவனங்களுக்கும் விரிக்கலாமே. அவ்வாறு செய்தால் பெண்களுக்கு நேரும் இழப்பு முற்றிலும் சுழியமே என்றார். நீதிபதி கென்னடி தம் தனி உடன்பாட்டுரையில் இம்மாற்று வழியையே தூணாகக் கொண்டார். தீர்ப்பின் அறம் முழுவதும் இத்தூணின்மேல் நிற்கிறது எனலாம்.

அத்தூண் எத்தனை நாள் நின்றது? மூன்று நாள். ஜூலை 3-ஆம் நாள், கிறித்துவக் கல்லூரியொன்று, அப்படிவத்தை நிரப்புவதே தன்னைப் பாவத்திற்கு உடந்தையாக்கும் என்று முறையிட்டது. அதே நீதிமன்றம் அதற்கு இடைக்காலக் காப்பு வழங்கியது. நீதிபதி சோட்டோமேயர் எழுதிய கடுமையான மறுப்புரையில் இம்முரண் வெளிப்படையாகவே சுட்டப்பட்டது. 2016-இல் இதே சிக்கல் முழு வழக்காக வந்தபோது, ஒரு நீதிபதி மறைந்து எண்மரே எஞ்சியிருந்த நீதிமன்றம், இரு தரப்பும் பேசி முடிவு காணுமாறு கூறி வழக்கினைக் கீழ் நீதிமன்றங்களுக்குத் திருப்பியது. 2017-இலும் 2018-இலும் புதிய அரசு விதிகளை மாற்றியது. சமய மறுப்புடைய முதலாளிகளுக்கு முழு விலக்கு. மாற்று வழி அவர்தம் விருப்பம். 2020 ஜூலை 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற அளவில் அவ்விதிகளை இயற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. காப்பினை இழக்கக்கூடிய பெண்கள் 70,500 முதல் 126,400 வரை என்னும் அரசின் சொந்த மதிப்பீட்டினைக் கின்ஸ்பர்க் தம் மறுப்புரையில் எடுத்து வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். 2025 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் வேறு காரணங்களால் அவ்விதிகள் செல்லா என்றது.

சுழியம் என்று எழுதப்பட்ட எண் ஆறாண்டுகளில் இவ்வளவாயிற்று. 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்போ மாறாமல் நிற்கிறது. தன் அடிப்படை தகர்ந்த பின்னும் முடிவு தகராமல் நிற்பது கதையில் நிகழ்ந்தால் அதனைக் கட்டமைப்புக் குறை என்போம்.

கோடு நகரும் திசை

முதலாளியின் சமயம் கருத்தடையோடு நின்றுவிடும் என்பதற்கு வரலாறு உறுதி தரவில்லை. மினசோட்டாவில் உடற்பயிற்சி நிலையங்களை நடத்திய கிறித்துவ உரிமையாளர்கள், மணமாகாமல் சேர்ந்து வாழ்வோரையும், தந்தையின் இசைவின்றி வேலைக்கு வரும் மணமாகாத இளம் பெண்களையும், கணவனின் இசைவின்றி வரும் மணமான பெண்களையும் வேலைக்கு எடுக்க மறுத்தனர். 1985-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கின்ஸ்பர்க் இவ்வழக்கினை நினைவூட்டி, இனி வருவோரை எவ்வாறு தடுப்பது என்று வினவினார். இனப் பாகுபாட்டிற்கு இத்தீர்ப்பு கேடயமாகாது என்றும், கருத்தடை பற்றிய விதியை மட்டுமே இது தொடுகிறது என்றும் அலிட்டோ விடையளித்தார். இனம் பற்றி அவர் தெளிவாகச் சொன்னார். ஏனைய பாகுபாடுகள் பற்றி அத்தெளிவினை நாம் காணவில்லை.

2022 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், எச்.ஐ.வி. தொற்றினைத் தடுக்கும் மருந்துக்குக் காப்புறுதி வழங்குவது தன்னை ஓரினச் சேர்க்கைக்கு உடந்தையாக்கும் என்று வழக்காடிய நிறுவனத்தின் மறுப்பினை ஏற்றது. ஏற்றதற்குத் துணையாக நின்றது அதே 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் ஹாபி லாபி தீர்ப்புமே. அவ்வழக்கு 2025 ஜூன் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றபோது, பரிந்துரைக் குழுவின் உறுப்பினர் நியமிக்கப்பட்ட முறையே ஆராயப்பட்டது. சமய விலக்குப் பற்றிய பகுதி நீதிபதிகளின் முன் வைக்கப்படவேயில்லை.